இடம் பார்க்கப் போறீங்களா? முதல்ல கணக்குப் பாருங்க!



போன மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் நான்கு குழுக்கள் ஒரே கேள்வியைக் கேட்டன. "மேடம், தொழில் ஆரம்பிச்சாச்சு. வீட்டுல இடம் பத்தலை. டவுன்ல ஒரு ரூம் பாத்திருக்கோம். எடுக்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. வாசிக்கத் தெரிந்த உறுப்பினர், மற்றவர்களுக்கும் கேட்கும்படி கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவதற்கு நாம் எத்தனை முறை யோசிக்கிறோம்! வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, யார் யாருக்கு எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் இடம் பிடிக்கும்போது மட்டும், "நல்ல இடம், வேற யாராவது எடுத்துக்கப் போறாங்க" என்று யாரோ சொன்னதும் ஓடிப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். வாடகையும் ஒரு கடன்தான். மாதம் பிறந்தால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டியே ஆகவேண்டும்.

ஒரு குழுவின் கதை

எங்கள் பகுதியில் ஒரு குழு. பெயர் வேண்டாம். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பத்து உறுப்பினர்கள், அதில் ஐந்து பேர் சேர்ந்து மசாலாப் பொடியும் சத்துமாவும் செய்தார்கள். முதல் ஒரு வருடம் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில்தான் எல்லாம் நடந்தது. மிளகாய் நெடி தாங்காமல் மாமியார் சத்தம் போட்டார். பிள்ளைகள் படிக்க இடமில்லை. "உங்க வீட்டுல செய்றதால லாபமும் உங்களுக்குத்தானா?" என்று குழுவுக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு வேறு.

சரி, வெளியே போவோம் என்று முடிவெடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை கிடைத்தது. வாடகை 5,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். குழுக் கடனிலிருந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள். பேப்பர் எதுவும் போடவில்லை. "தெரிஞ்சவருதான், நம்ம ஊருக்காரரு" என்று விட்டுவிட்டார்கள். தடுப்பு, அலமாரி, போர்டு என்று இன்னொரு 18,000 ரூபாய் செலவானது.

போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அங்கே த்ரீ பேஸ் கரண்ட் இல்லை. அதனால் அரைக்கும் மெஷினை ஓட்ட முடியவில்லை. பொடி அரைக்க வேறு மில்லுக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காயவைக்க மொட்டை மாடிக்குப் போனால் மேல் வீட்டுக்காரர் விடவில்லை. கக்கூஸ் கிடையாது. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். ஒருவருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தச் செலவுக் கணக்கில் சேரவே இல்லை.

ஏழாவது மாதம் காலி செய்தார்கள். "மூணு மாசம் முன்னாடி சொல்லலை" என்று 15,000, வெள்ளையடிக்க, ரிப்பேர் பார்க்க என்று 8,000, கரண்ட் பாக்கி என்று 5,000. உரிமையாளர் பிடித்தது மொத்தம் 28,000 ரூபாய். மிச்சம் 22,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது. மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று யாரும் எப்போதும் பேசவில்லை. ஆனால் பேசவில்லை என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அலமாரிச் செலவு 18,000-ஐயும் சேர்த்தால் 46,000 ரூபாய் போனது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

"பணம் போனதைக்கூட தாங்கிக்கிட்டோம் மேடம். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம ஆயிட்டோம், அதுதான் கஷ்டமா இருந்தது" என்றார் அந்த ஊக்குநர். அந்த வார்த்தைதான் எங்களை இதை எழுத வைத்தது. தவறான இடம் ஒரு தொழிலை மட்டும் கெடுப்பதில்லை. பல வருடம் சேர்ந்து சேமித்த குழுவையே உடைத்துவிடும்.

முதல் கேள்வி: இடம் எதற்கு?

"தொழில் செய்ய" என்று எல்லோரும் சொல்வீர்கள். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு சிறு தொழிலுக்கு நான்கு விதமான இடம் தேவைப்படுகிறது.

1. செய்கிற இடம்: அரைக்க, தைக்க, காயவைக்க, பொட்டலம் போட.
2. வைக்கிற இடம்: மூலப்பொருள், செய்த சரக்கு, மெஷின்.
3. விற்கிற இடம்: வாங்குகிறவர் கண்ணில் படுகிற இடம்.
4. எழுதுகிற, பேசுகிற இடம்: கணக்கு, ஆர்டர், பேங்க் ஆபீசர் வந்தால் உட்கார.

இந்த நான்கும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடை விற்கிற இடத்துக்குச் சரி. அதற்குத்தான் அந்த வாடகை. அந்த வாடகையைக் கொடுத்து, உள்ளே உட்கார்ந்து மல்லி சுத்தம் செய்தால் கட்டுமா? செய்கிற இடம் ஊருக்குள்ளே குறைந்த செலவில் இருக்கலாம். விற்க வாரச் சந்தையில் ஒரு நாள் மட்டும் தரை வாடகை கட்டலாம். எழுத, பேச ஊராட்சிக் கூட்டமைப்பு அலுவலகத்தையே கேட்கலாம். எது தினமும் தேவை, எது வாரம் ஒரு நாள் தேவை, எது எப்போதாவது தேவை என்று பிரித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எத்தனை விதமான இடம் இருக்கிறது?

*1. உறுப்பினர் வீடு*

ஆரம்பிக்க நல்ல இடம். வாடகை இல்லை, பயணம் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இலவசம் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டுக் கரண்ட், தண்ணீர், அந்த அம்மாவின் பொறுமை எல்லாம் செலவாகிறது. மாதம் 300 ரூபாயோ 500 ரூபாயோ இடத்துக்கென்று தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்போது கணக்கும் சரியாக இருக்கும், முணுமுணுப்பும் வராது.

வீட்டு கரண்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டு இணைப்பை வைத்துத் தொழில் நடத்துவது தவறு என்று மின்வாரியம் கண்டுபிடித்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, கட்டியிருக்க வேண்டிய கட்டணத்தை இரண்டு மடங்காகப் போடலாம். மெஷின் வாங்குவதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் போய், "இந்தத் தொழில், இவ்வளவு எச்.பி. மோட்டார், எந்தக் கட்டண வகை?" என்று கேளுங்கள். சிறு தொழிலுக்கும் கடைக்கும் தனித்தனிக் கட்டண வகை உண்டு. எல்லாவற்றையும் கடை என்று போட விடாதீர்கள்.

*2. ஊராட்சியில் உள்ள பொதுக் கட்டடம்*

பல ஊராட்சிகளில் மகளிர் குழுக் கட்டடம், கிராம சேவை மையம் என்று ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் நன்றாகப் பயன்படுகிறது. சில இடங்களில் உடைந்த நாற்காலியும் பழைய பெஞ்சும்தான் குடியிருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று பூட்டிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழு தீர்மானத்தோடு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு மூலமாக ஊராட்சிக்கு மனு கொடுங்கள். கிராம சபையிலும் பேசுங்கள். சாதாரணமாக ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ஐந்து பேர் போய்ப் பேசினால் "பாக்கலாம்மா" என்பார்கள். ஐம்பது பேர் போனால் மினிட் புத்தகத்தில் ஏறும்.

அனுமதி வாய்மொழியாக இருக்கக் கூடாது. எந்த நாட்கள், எந்த நேரம், கரண்ட் பில் யார் கட்டுவது, சாவி யாரிடம் என்று எழுதி வாங்குங்கள். தலைவர் மாறினால் சாவியும் மாறிவிடுகிற கதை நமக்குத் தெரியும்.

*3. பங்கு இடம்*

இரண்டு குழுக்கள் சேர்ந்து ஒரே இடத்தை எடுப்பது. காலையில் ஒரு குழு இட்லி மாவு ஆட்டி முடித்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் இன்னொரு குழு தைக்க வருகிறது. வாடகை பாதிப் பாதி. ஆனால் மிளகாய்ப் பொடியும் தையலும் ஒரே அறையில் ஒத்துவராது. பினாயில், சோப்பு செய்கிற குழுவும் உணவு செய்கிற குழுவும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. சுத்தம் செய்வது யார், உடைந்தால் யார் பொறுப்பு என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

*4. பொது வசதி மையம்*

மெஷின் அவர்களுடையது, சரக்கு நம்முடையது. கிலோவுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து வேலையை முடித்துக்கொண்டு வரலாம். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உணவுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இப்படிப்பட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், வேளாண் அறிவியல் நிலையம் மூன்றிலும் கேளுங்கள். மாதம் நான்கு நாள் மட்டும் மெஷின் ஓடுகிற தொழிலுக்கு, சொந்த மெஷினும் அதற்கு ஒரு வாடகை அறையும் எதற்கு?

*5. தனி வாடகைக் கடை அல்லது அறை*

ஆர்டர் நிலையாக வந்து, சரக்கு போதவில்லை என்கிற நிலை வந்த பிறகு எடுக்க வேண்டியது. கடை எடுத்தால் வியாபாரம் வரும் என்பது ஆசை. வியாபாரம் வந்ததால் கடை எடுத்தோம் என்பதுதான் கணக்கு.

*6. மேசை வாடகை*

இது நகரத்தில் வந்திருக்கும் புது முறை. முழு அறை எடுக்க வேண்டாம். நாற்காலி, மேசை, கரண்ட், இன்டர்நெட் எல்லாம் அவர்களே வைத்திருப்பார்கள். அரை நாள், ஒரு நாள், ஒரு மாதம் என்று பணம் கட்டி உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தனியார் பலர் நடத்துகிறார்கள். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் ‘முதல்வர் படைப்பகம்' என்ற பெயரில் அரசே ஒன்றைத் திறந்தது. நம் மசாலாவை அங்கே அரைக்க முடியாது! ஆனால் படித்த மகள்கள் சிலர் ஆன்லைன் ஆர்டர், டிசைன், கணக்கு எழுதுவது போன்ற வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தும். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். வாரம் ஒரு நாள் வேலைக்கு மாதம் முப்பது நாள் வாடகை எதற்கு?

வாடகை கட்டுமா? ஒரு கணக்கு

அந்த மசாலாக் குழுவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

100 கிராம் பொட்டலம் விற்கும் விலை 30 ரூபாய். மூலப்பொருள், அரவை, கவர் எல்லாம் சேர்த்துச் செலவு 20 ரூபாய். கையில் நிற்பது 10 ரூபாய்.

டவுன் கடை: வாடகை 5,000, கரண்ட் 700, ஆட்டோ 1,300. மொத்தம் 7,000 ரூபாய். அப்படியானால் 700 பொட்டலம் விற்ற பிறகுதான் முதல் ரூபாய் கூலி. அவர்கள் மாதம் 900 பொட்டலம் விற்றார்கள். மிச்சம் 200 பொட்டலத்துக்கு 2,000 ரூபாய். ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 400 ரூபாய். ஒரு மாத உழைப்புக்கு!

ஊராட்சிக் கட்டடம்: பராமரிப்புக்கு 500, கரண்ட் 600, ஆட்டோ 500. மொத்தம் 1,600 ரூபாய். 160 பொட்டலத்திலேயே செலவு அடைபட்டுவிடும். விற்பனை 700 ஆகக் குறைந்தால்கூட மிச்சம் 540 பொட்டலம், 5,400 ரூபாய். ஆளுக்கு 1,080 ரூபாய்.

விற்பனை குறைந்தும் வருமானம் கூடியது எப்படி என்று கூட்டத்தில் எல்லோரும் ஒரு முறை பேசிப் பாருங்கள். 1,080 ரூபாயும் பெரிய பணம் இல்லை, எங்களுக்கும் தெரியும். ஆனால் அங்கிருந்து மேலே ஏறலாம். 400 ரூபாயிலிருந்து மேலே ஏறுவதற்குள் ஆட்கள் வேலைக்கு வருவதையே விட்டுவிடுவார்கள்.

உங்கள் தொழிலுக்கும் இதே மாதிரி போடுங்கள்:

இடத்துக்கான மொத்த மாதச் செலவு ÷ ஒரு பொருளில் கையில் நிற்கும் பணம் = இடத்துக்காக மட்டும் விற்க வேண்டிய எண்ணிக்கை.

அந்த எண்ணிக்கை நீங்கள் இப்போது விற்பதில் பாதிக்கு மேல் வந்தால், அந்த இடம் உங்களுக்கு இப்போது வேண்டாம். இது நாங்கள் பல குழுக்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

கரண்ட் செலவை எப்படிக் கணக்கிடுவது? ஒரு எச்.பி. என்பது 746 வாட். 3 எச்.பி. மெஷின் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் ஏறக்குறைய இரண்டேகால் யூனிட். தினம் 4 மணி நேரம் என்றால் 9 யூனிட். மாதம் 25 நாள் என்றால் சுமார் 225 யூனிட். இதை உங்கள் கட்டண வகையின் விலையால் பெருக்குங்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது

ஒருவர் மட்டும் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர் போங்கள். வேலை செய்யப் போகிறவர்கள்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து "நல்லாருக்கு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க அங்கே நிற்கப் போவது நாம்தான்.

இரண்டு முறை போங்கள். ஒரு முறை மத்தியானம் உச்சி வெயிலில். தகரக் கூரை என்றால் அப்போது தெரியும். ஒரு முறை இருட்டிய பிறகு. தெரு விளக்கு எரிகிறதா, பக்கத்தில் டாஸ்மாக் இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அப்போது தெரியும். முடிந்தால் மழை பெய்த மறுநாளும் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒழுகுகிற கூரையைப் பங்குனியில் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஒரு சாக்பீஸ் கொண்டுபோங்கள். மெஷின் இங்கே, மூட்டை இங்கே, ஆள் உட்காருவது இங்கே என்று தரையில் கோடு போடுங்கள். வெறும் அறை எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். கோடு போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இவற்றைக் கட்டாயம் பாருங்கள்:

- தண்ணீர்: குடிக்கவும், தொழிலுக்கும் போதுமா? வாரம் எத்தனை நாள் வருகிறது?
- கரண்ட்: சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? தனி மீட்டர் இருக்கிறதா? இல்லாவிட்டால் யூனிட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள்?
- கழிப்பறை: உள்ளேயே இருக்கிறதா? கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். மாதவிடாய் நாட்களில் வேலைக்கு வர முடியாத இடம் நமக்கு ஏற்ற இடம் இல்லை.
- காயவைக்க: மாடிக்குப் போக உரிமை உண்டா?
- சரக்கு இறக்க: வாசல்வரை வண்டி வருமா?
- பக்கத்தில் மாட்டுத் தொழுவம், சாக்கடை, குப்பைமேடு இருக்கிறதா? உணவுத் தொழில் என்றால் இது ரொம்ப முக்கியம். கழுவக்கூடிய தரை, ஜன்னலுக்கு வலை, மூடி வைக்க இடம் வேண்டும்.
- பிள்ளைகள்: பால்வாடி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

எல்லோரும் வந்துபோக முடிகிற இடமா?

இதைத் தனியாக எழுதுகிறோம். ஒரு குழுவில் ஊர்த் தெருவில் ஒரு அறை பார்த்தார்கள். வாடகை குறைவு, காற்றோட்டம் நன்றாக இருந்தது. எல்லாம் பேசி முடிக்கும்போது உரிமையாளர் சொன்னார்: "உங்க குழுவுல காலனிக்காரங்க இருக்காங்கல்ல, அவங்க பின்வாசல் வழியா வந்துக்கட்டும்." நான்கு பேர் அமைதியாக இருந்தார்கள். ஐந்தாவதாக இருந்த ஒரு அக்கா, "ஒண்ணா சேமிச்சோம், ஒண்ணா கடன் வாங்கினோம், வாசல் மட்டும் வேறயா? வாங்க போலாம்" என்று எழுந்துவிட்டார். அந்த இடம் வேண்டாம் என்று தீர்மானமே போட்டார்கள். அடுத்த இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்தக் குழு இன்றைக்கும் ஒற்றுமையாக இருக்கிறது.

சில உறுப்பினர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். வேலைக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வார்கள். அதனால், "இந்த இடத்துக்கு வர யாருக்காவது சங்கடம் இருக்கா?" என்று இடம் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கூட்டத்தில் சொல்ல முடியாதவர்களிடம் தனியாகக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி உறுப்பினர் இருந்தால் படிக்கட்டையும் பாருங்கள்.

பேப்பர் போடாமல் பணம் கொடுக்காதீர்கள்

"நம்மாளுதான்" என்கிற இடத்தில்தான் பேப்பர் அதிகமாகத் தேவை. ஒப்பந்தம் போட்டால் உறவு கெடாது. போடாததால்தான் பல உறவு கெட்டிருக்கிறது.

நகரப் பகுதிகளுக்கென்று, உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டத்தைத் தமிழக அரசு 2017-ல் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது. 5,000 ரூபாய் வாடகைக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்த நம் குழுவுக்கு இது அப்போது தெரிந்திருந்தால், 15,000 என்று பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

கிராமத்தில் எடுத்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்று எல்லோரும் போடுவது அதனால்தான்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை:

1. வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்போது எவ்வளவு கூடும்.
2. அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் பிடிக்கலாம்.
3. காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். நமக்கு ஒரு மாதம் என்று கேளுங்கள்.
4. என்ன தொழில் நடக்கும், என்ன மெஷின் ஓடும். சத்தம், நெடி பற்றிப் பிறகு சண்டை வராது.
5. கரண்ட், தண்ணீர், வீட்டு வரி, ரிப்பேர் யார் பொறுப்பு.
6. நாம் போடும் அலமாரி, தடுப்பு, மோட்டாரைப் போகும்போது எடுத்துச் செல்லும் உரிமை.
7. மாடி, கழிப்பறை, கிணறு, வாசல் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமை.

யார் கையெழுத்துப் போடுவது? முதலில் குழுவில் தீர்மானம். பிறகு ஊக்குநரும் பிரதிநிதிகளும் குழுவின் சார்பாகக் கையெழுத்துப் போடலாம். ஒருவர் பெயரில் மட்டும் எடுக்காதீர்கள். நாளைக்கு அவர் விலகினால் இடமும் அவரோடு போய்விடும். அட்வான்ஸும் வாடகையும் குழுவின் பேங்க் கணக்கிலிருந்து போகட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் அன்றைக்கே ரசீது வாங்குங்கள்.

"ஒத்திக்கு எடுத்துக்கங்க, வாடகையே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பெரிய தொகை ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளும். அது கடன் வாங்கிய பணம் என்றால் வட்டிதான் உங்கள் வாடகை. முதலில் அந்த இடத்தின் பேரில் வேறு கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

இடம் மாறினால் விலாசமும் மாறும்

உணவுப் பொருள் செய்கிற எல்லோரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பொட்டலத்தில் போடுகிற 14 இலக்க எண் அதுதான். அந்தப் பதிவு உங்கள் பெயருக்கு மட்டும் அல்ல, இடத்துக்கும் சேர்த்துத்தான். இடம் மாறினால் பதிவிலும், பொட்டலத்தில் அச்சடித்த விலாசத்திலும் மாற்ற வேண்டும். அதனால் இடம் நிலைப்படும் முன்பு பத்தாயிரம் கவர் அச்சடிக்காதீர்கள். குறைவாக அச்சடியுங்கள், இல்லாவிட்டால் விலாசத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. இடம் மாறினால் அதிலும் விலாசம் திருத்தலாம். ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ தொழில் உரிமம் வாங்க வேண்டுமா என்பதையும் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னதாக ஆரம்பித்துப் பாருங்கள்

ஒரு இடம் பிடித்திருக்கிறது, கணக்கும் ஒத்துவருகிறது. ஆனாலும் மனசில் பயம் இருக்கிறதா? மூன்று மாதம் மட்டும் கேட்டுப் பாருங்கள். "மூணு மாசம் பாக்குறோம், சரியா வந்தா தொடர்றோம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதமும் சுவரில் ஆணி அடிக்கிற செலவுகூட வேண்டாம். தூக்கிப் போகக்கூடிய இரும்பு ரேக், மடக்கு மேசை போதும். மூன்றாவது மாதக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்து தொடர்வதா வேண்டாமா என்று முடிவு எடுங்கள்.

அந்த மசாலாக் குழு இப்போது என்ன செய்கிறது? ஊராட்சியில் பூட்டிக் கிடந்த மகளிர் குழுக் கட்டடத்தை மனுப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒட்டடை அடிக்கவே இரண்டு நாள் ஆனது. அங்கே செய்கிறார்கள். சனிக்கிழமை சந்தையில் ஒரு தார்ப்பாய் விரித்து விற்கிறார்கள். பழைய கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. போன வாரம் நாங்கள் போனபோது ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "வாங்க மேடம், கை கழுவுங்க, தண்ணி வருது இங்க" என்றார் ஊக்குநர். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் தொழிலுக்கு நான்கு விதமான இடத்தில் எது எது தேவை? எது தினமும் தேவை?
2. இடத்துக்காக மட்டும் மாதம் எத்தனை பொருள் விற்க வேண்டும்?
3. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் எது? அடுத்த கிராம சபையில் யார் எழுந்து பேசுவது?
4. இப்போது இருக்கும் இடத்தில் எந்த உறுப்பினருக்காவது சங்கடம் இருக்கிறதா?
5. நம் வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் போடுவது?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எங்களை ஒரு முறை கூப்பிடுங்கள். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு நாங்களும் வருகிறோம்.